அத்தையின் திண்ணை

புற்றுநோய் சிகிச்சை முடிந்து அத்தை தீர்த்தமலைக்குத் திரும்பி எட்டு மாதம். "உடம்பு தேறிருச்சு, மனசுதான் எந்திரிக்க மாட்டேங்குது கண்ணு" என்றார். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திய உள்ளறைதான்.

மருத்துவர் மாத்திரையோடு காலை வெளிச்சத்தையும் சொன்னார். குளிர்காலச் சோர்வுக்கு மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலின் குழு 1984இல் விவரித்த ஒளிச் சிகிச்சை, இன்று புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் ஆராயப்படுகிறது. 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) விளக்கின் முன் காலையில் அரைமணி. கண்வழி புகும் ஒளி மூளையின் கடிகாரத்தை நேர்செய்கிறது. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் தேறினாலே அதிகம். வெளியே நிழலில்கூடப் பல ஆயிரம்!

விளக்கு எங்களிடம் இல்லை. விடிந்ததும் மலையைப் பார்த்த திண்ணையில் உட்கார வைக்கிறோம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மூன்று வாரம் ஆச்சு. நேற்று, "மலை மேல ராமர் தீர்த்தம் வரைக்கும் ஏறலாமா?" என்று கேட்டார்.