ஒரே பொட்டியா, பல பொட்டியா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அந்த ஆணியைப் பத்தித்தான் இந்தப் பதிவும். சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

கோவையில ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு நாங்க பொட்டி தட்டறோம் (பேர் வேணாமே). அவங்க பல வருஷமா எஸ்ஏபி ஈசிசி வச்சிருக்காங்க. ஈசிசிக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோட முடியுது. கூடுதலா காசு கட்டினா 2030 வரைக்கும் இழுக்கலாம். எப்படியும் மாறியாகணும். மாறும்போது கொள்முதலை மட்டும் தனியா எடுத்து, அதுக்குன்னே செஞ்ச மென்பொருள் ஒண்ணுல போட்டுடலாம்ங்கறார் பர்சேஸ் தலைவர். எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்ங்கறார் ஃபைனான்ஸ் தலைவர். நடுவுல என் டமேஜர், "நீ ஒரு நோட் எழுதிக் குடு"ன்னுட்டு லீவுல போயிட்டார்.

பர்சேஸ்காரர் சொல்றது சும்மா இல்லை. எஸ்ஏபியில எம்இ21என் திரையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பத்து துடைப்பம் வாங்கறதுக்குக்கூட பிளான்ட் கோடு, மெட்டீரியல் குரூப், டாக்ஸ் கோடுன்னு கேட்டுக் கொன்னுடும். அதனால என்ன ஆகுதுன்னா, ஜனங்க போன்லயும் வாட்ஸப்லயும் ஆர்டர் சொல்லிடறாங்க. சரக்கு வந்து, பில்லும் வந்த பிறகு சாவகாசமா பிஓ போடறாங்க. பேருக்குத்தான் ஒருங்கிணைந்த மென்பொருள், நிஜமான கொள்முதல் எக்செல்ல நடக்குது. தனிக் கருவிகள் இந்த இடத்துல நல்லாவே இருக்கு. கடையில பொருள் வாங்கற மாதிரி கேட்டலாக், மொபைல்ல அப்ரூவல், நாலு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கற வசதி.

ஒரு சின்ன கொசுவத்தி. இந்தச் சண்டை நேத்து வந்ததில்லை. 1995-ல அமெரிக்காவுல ஃப்ரீமார்க்கெட்ஸ்னு ஒரு கம்பெனி வந்து, தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் வாங்கறதை ஏலம் விட்டாங்க, விலை கீழ்நோக்கிப் போற தலைகீழ் ஏலம். 1996-ல அரிபா வந்துச்சு. 2004-ல அரிபா ஃப்ரீமார்க்கெட்ஸை முழுங்கிச்சு. 2012-ல எஸ்ஏபி அரிபாவையே சுமார் 430 கோடி டாலர் குடுத்து முழுங்கிடுச்சு. 2006-ல ஆரம்பிச்ச கூப்பாவை ஒரு முதலீட்டு நிறுவனம் 2023-ல சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கிச்சு. சின்ன மீன் பெரிய மீன் கதைதான். ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். பெரிய கம்பெனி வாங்கிட்டா ரெண்டு மென்பொருளும் ஒண்ணாகிடாது. ஒரே லோகோ ஒட்டியிருக்கும், உள்ள ரெண்டு டேட்டாபேஸ், நடுவுல எங்களை மாதிரி ஆளுங்க எழுதின குழாய். "எங்களுது எல்லாம் ஒண்ணு"ன்னு விற்கவர்றவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது, ஜிஆர்என் எந்த டேபிள்ல உட்காரும், அதோட காப்பி எங்கெல்லாம் போகும்னுதான்.

இது ஏதோ கம்ப்யூட்டர்காரன் புலம்பல்னு நினைக்காதீங்க. எங்க சித்தப்பா கணபதி பக்கம் சின்னதா ஒரு பவுண்டரி வச்சிருக்கார். பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பு ஊத்திக் குடுக்கறது. (அவர் சரக்கு போடறது வேற கம்பெனி, எங்க கிளையண்ட் இல்லை.) அந்தக் கம்பெனி ஒரு தனிக் கொள்முதல் கருவியை வாங்கி, பழைய இஆர்பியோட குழாய் போட்டுச் சேர்த்திருக்காங்க. போன வருஷம் அவரோட ஒரு பில் 73 நாள் தொங்குச்சு. சனிக்கிழமை சம்பளம் போடணும், கரன்ட் பில் கட்டணும். மனுஷன் எனக்குப் போன் போட்டு, "ஏங்கண்ணு, என்ற பில்லு எந்தப் பொட்டிக்குள்ள கெடக்குதுன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"ன்னார்.

நான் அடுத்தவன் கம்பெனிக்குள்ள எப்படிப் பார்க்கறது? ஆனா அவர் வச்சிருந்த காகிதம், மெயில் எல்லாத்தையும் வாங்கிப் பரப்பிப் பார்த்தேன். வார்ப்புக்கு விலை கிலோ கணக்கு. ஸ்டோர்ஸ்ல எண்ணி இறக்கறது பீஸ் கணக்கு. 400 இம்பெல்லர், ஒண்ணு 1.2 கிலோ, ஆக 480 கிலோ. இஆர்பிக்கு அந்த 1.2 தெரியும், அதனால 400 பீஸ்னு போட்டாலும் 480 கிலோன்னு சரியா எடுத்துக்குச்சு. ஆனா குழாய் வழியா கொள்முதல் கருவிக்குப் போனது வெறும் 400. கிலோவா பீஸான்னு சேர்த்து அனுப்பலை. சித்தப்பாவோட பில் 480 கிலோ. "வந்தது 400, பில் 480, நிறுத்து"ன்னு கருவி நிறுத்திடுச்சு. பிஓ, ஜிஆர்என், பில் மூணையும் ஒப்பிடற அந்த மூணு வழிச் சோதனைக்கு அதுதானே வேலை.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. அக்கவுன்ட்ஸ்காரர் பார்க்கறது இஆர்பி. அதுல பில்லே இல்லை. "பில்லு வரலீங்களே"ங்கறார். பர்சேஸ்காரர் பார்க்கறது கருவி. "சரக்கு கம்மியா வந்திருக்குங்க"ங்கறார். ஸ்டோர்ஸ்ல கேட்டா, "முழுசா இறக்கியாச்சே"ங்கறாங்க. மூணு பேர் சொல்றதும் உண்மை! ஒருத்தர் மேலயும் கோபப்பட முடியலை. அதான் எனக்கு ரொம்பக் கடுப்பு.

சட்டம் என்னவோ தெளிவாத்தான் இருக்கு. 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இடி சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல தள்ளக்கூடாது. தள்ளினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. சரக்கு இறங்கி 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை சொல்லலைன்னா, இறங்கின நாள்லேர்ந்தே கடிகாரம் ஓடும். மென்பொருள்ல மேட்ச் ஆன நாள்லேர்ந்து இல்லை. வருமான வரிச் சட்டத்துலயும் 43பி(எச்)னு ஒண்ணைச் சேர்த்தாங்க, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுலேர்ந்து அமலுக்கு வந்துச்சு. கெடுவுக்குள்ள குடுக்கலைன்னா, அந்தச் செலவை எந்த வருஷம் நிஜமா பணம் குடுக்கறியோ அந்த வருஷம்தான் கழிச்சுக்கலாம். மார்ச் மாசத்துல ஃபைனான்ஸ்காரங்க ஏன் திடீர்னு சின்ன சப்ளையர்கள் மேல பாசமா இருக்காங்கன்னு இப்பப் புரியுதா? ;-)

ஆனா கடிகாரம் ஓட ஆரம்பிக்கற தேதி இஆர்பியில, ஆட்சேபணை கருவியில. 45 நாளை யார் எண்றது? சித்தப்பா வட்டியெல்லாம் கேட்கலை. கேட்டா அடுத்த ஆர்டர் வராது, அது அவருக்குத் தெரியும்.

என் நோட்டுல நான் எழுதினது, குழாய்களை எண்ணுங்கன்னு. கொட்டேஷன் கேட்கறது, பேரம், ஏலம், இதெல்லாம் தனிக் கருவியில தாராளமா நடக்கட்டும். அங்கேர்ந்து இந்தப் பக்கம் வர வேண்டியது யார், என்ன விலை, எத்தனை நாளைக்கு, அவ்வளவுதான். ஒரே ஒரு குழாய், ஒருவழிப் பாதை. அடைச்சுக்கிட்டாலும் கையால டைப் அடிச்சுடலாம். ஆனா பிஓ, சரக்கு இறங்கறது, பில் பாஸ் பண்றது மூணும் இருப்புக் கணக்கு எங்க இருக்கோ அங்கேயே இருக்கணும். வங்கி, ஐடி கம்பெனி மாதிரி இடங்கள்ல இந்தக் கவலை கம்மி. அவங்க வாங்கறது லேப்டாப், காபித்தூள், செக்யூரிட்டி சேவை. எடை போட ஸ்டோர்ஸே பெருசா கிடையாது. அவங்க முழுசா தனிக் கருவிக்குப் போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

கோவைக் கதை வேற. இங்க ஜாப் வொர்க் உண்டு. வார்ப்பு வெளிய கடைசலுக்குப் போகும், வேற ஊர்ல பூச்சுக்குப் போகும், திரும்பி வரும். ஜிஎஸ்டி விதிப்படி அப்படி அனுப்பின உள்ளீட்டுப் பொருள் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும். எஸ்ஏபியில 541 போட்டா யார்கிட்ட எத்தனை நிக்குதுன்னு தெரியும். எங்களுக்கு டெமோ காட்டின கருவியில, "நம்ம சரக்கு, ஆனா அடுத்தவர் கூரையடியில இருக்கு"ங்கற நிலைமைக்கு ஒரு கட்டமே இல்லை.

நோட்டைப் படிச்சுட்டு பர்சேஸ் தலைவர் கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா எம்பட ஆளுங்க அந்தத் திரையைத் தொட மாட்டேங்கறாங்களே, அதுக்கு என்ன வழி?" நியாயமான கேள்விதாங்க. இண்டென்ட் போடறதுக்கு மட்டும் எளிமையா ஒரு முன்திரை செஞ்சு குடுக்கறதா சொல்லியிருக்கேன். அதுக்கு ஆகற செலவு யார் தலையிலன்னு இன்னும் முடிவாகலை.

வர்ற வியாழக்கிழமை ரெண்டு கம்பெனிக்காரங்களும் வந்து டெமோ காட்டறாங்க. பளபளன்னு ஸ்லைடு வேணாம்னுட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு குடுத்திருக்கேன்: கிலோவுல ஆர்டர், பீஸ்ல இறக்கம், அஞ்சு பீஸ் ரிஜெக்ட், அம்பது பீஸ் ஜாப் வொர்க்குக்கு, பில் கிலோவுல. அந்த பில் எந்த நாள்ல எந்தத் திரையில தெரியும்னு காட்டுங்கன்னு. ஒருத்தர், டெமோ சிஸ்டத்துல அளவை மாத்தற வசதி இல்லைன்னு மெயில் போட்டிருக்கார். இன்னொருத்தர்கிட்டேர்ந்து இதுவரைக்கும் பதில் இல்லை.