நான் எடுத்த அவதாரம்

திருவள்ளூர்க்காரனுக்கு அவதாரம் என்ற சொல் புதிதல்ல. வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் பெருமாளின் அவதாரக் கதைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால், இந்த வயதில் நானும் ஓர் அவதாரம் எடுப்பேன் என்று நினைக்கவில்லை.

எடுக்க வைத்தவன் என் தங்கையின் பேரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவன் கைபேசியை நீட்டி, "நீங்களும் ஆடுங்க தாத்தா. முதல்ல உங்க ஆளைச் செய்யணும்" என்றான். முகம், முடி, நிறம் எல்லாம் கடை விரித்தாற்போல் இருந்தன. தொட்டுத் தொட்டு எடுத்தேன். அடர்ந்த தலைமுடியோடு ஒரு வாலிபன் எழுந்து நின்றான்.

"ஏன் தாத்தா, வெள்ளையா வெச்சிட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கறுத்த பெண்களைக் கதாநாயகிகளாக்கி நாவல் எழுதியவன் நான். மேடை ஏறினால் சிவப்புத் தோல் மோகத்தைச் சாடாமல் இறங்கமாட்டேன். அப்படிப்பட்டவனுடைய விரல், யோசிக்காமல் போய்த் தொட்டது அந்த நிறத்தைத்தான்!

அவனுடைய ஆளைக் காட்டச் சொன்னேன். அவனைப்போலவே கறுப்பு. "கம்பெனியில ஹெல்மெட், யூனிபாரம் போட்டா எல்லாரும் ஒண்ணுதான் தாத்தா. இங்கயாவது நம்ம மூஞ்சி இருக்கட்டுமே" என்றான்.

அமெரிக்காவில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் 2007-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கணினி உலகில் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள், பணத்தைப் பங்குபோடும் பேரத்தில் குட்டை உருவம் பெற்றவர்களைவிட விடாப்பிடியாக நின்றார்களாம். இது நம் தெருக்கூத்துக்காரருக்குத் தெரியாததா? கிரீடம் ஏறியதும் குரலே மாறிவிடுமே! வேஷம் ஆளை மாற்றும் என்பது பழைய பாடம். வேஷத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆள் வெளிப்பட்டுவிடுவான் என்பதுதான் எனக்குப் புதிய பாடம்.

1985-இல் வந்த 'அல்டிமா' ஆட்டத்தின் நான்காம் பாகம், ஆட வருகிறவனிடம் நிறத்தைக் கேட்பதில்லை. இரக்கமா, நேர்மையா என்பதுபோலத் தர்மசங்கடமான கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் கொண்டே அவனுடைய பாத்திரத்தை அமைக்கும். எட்டு நற்குணங்களிலும் தேறியவனுக்குத்தான் அங்கே 'அவதார்' என்ற பட்டம். அந்தப் பரீட்சையை நான் எழுதியிருந்தால், மேடையில் பேசுவதையே பதிலாகச் சொல்லித் தேறியிருப்பேன். பேரனுடைய கைபேசி கேள்வி கேட்கவில்லை, அதனால்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

வெள்ளை வாலிபனை அழித்துவிட்டு, என் நிறத்தில் ஒருவனைச் செய்தேன். பேரன் சிரித்தான். ஆனால், அவன் பக்கத்தில் இல்லாதிருந்தால் அழித்திருப்பேனா? இன்னும் எனக்கு நிச்சயமில்லை.