இரக்கம் வேறு, துணை வேறு

'நாய் நன்றியுள்ள பிராணி' என்று தொடங்கும் மாணவர் கட்டுரைகளை முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அந்த நன்றியைப் பெற்ற மனிதன், நாயின் முதுமையில் ஆற்ற வேண்டிய கடமை யாது என்று எந்த மாணவனும் எழுதியதில்லை; நானும் கேட்டதில்லை. கேட்க வைத்தது என் வீட்டு நாய் மணி.

பதின்மூன்று வயதைக் கடந்த மணிக்குச் சென்ற ஆண்டு பின்னங்கால்கள் தளர்ந்தன. வழவழப்பான தரையில் எழ முயலும்போது கால்கள் இருபுறமும் வழுக்கிச் செல்லும். அக்காட்சியைக் காணப் பொறாமல், வீட்டின் பின்புறத்தில் மெத்தை விரித்துப் படுக்க வைத்தேன். உணவும் நீரும் படுத்த இடத்திற்கே சென்றன. மாலை உலா நின்றது. கிழ உயிருக்கு ஓய்வளித்தோம் என்று மனநிறைவும் கொண்டேன். இரண்டே மாதங்களில் தொடைகள் சூம்பின. அதன் துன்பத்தை முடித்துவிடுவதே அறமோ என்னும் எண்ணத்தோடுதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன்.

அவர் இளம்பெண். மணியை நிற்கவைத்துத் தாங்கியபடி, பின்பாதத்தை மடித்து அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். மணி உடனே பாதத்தை நேராக்கிக்கொண்டது. ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்தபின் சொன்னார்:

"தண்டுவடத்தில் பெரும் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, ஐயா. இது மூட்டு வாதம். நடக்காமலே கிடந்ததால் தசையும் மெலிந்துவிட்டது. நீங்கள் அளித்த ஓய்வுதான் பாதி நோய்."

வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைப் போல் தலைகுனிந்து நின்றேன்.

நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களால் தாங்குகிறது. பின்னங்கால் நோகும்போது பாரத்தை மேலும் முன்னே தள்ளிவிடும். வேலையற்ற தசை மெலியும், மெலிந்த தசை மூட்டைக் காக்காது, வலி மிகும், வலி மிக மிக அசைவு குறையும். இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் நோக்கம் என அவர் விளக்கினார்.

வலிக்கு அவரே மருந்து தந்தார். மனிதருக்குரிய வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம் என்றும் எச்சரித்தார். தரையில் ரப்பர் விரிப்பு இட்டோம், நகங்களை வெட்டினோம், உடல் எடை ஏறாதவாறு உணவை அளந்தோம். உட்கார்ந்து எழும் பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து முறை. புல்தரையில் ஐந்து நிமிட மெல்நடை, நாளுக்கு மூன்று வேளை. பின்னர், தரையில் கிடத்திய துடைப்பக் கழிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கப் பழக்கினோம்.

பெரிய நகரங்களில் நீர்த்தொட்டிக்குள் நடக்கவைக்கும் இயந்திரம் உண்டு. இடுப்பளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் தாங்குவது அதன் எடையில் 40 விழுக்காட்டிற்கும் குறைவே. எங்கள் சிற்றூருக்கு அவ்வசதி எட்டாது. வயிற்றின் அடியில் கொடுத்துத் தூக்கிப்பிடிக்கும் பழைய குளியல் துண்டே எங்களுக்கு அந்த நீர்.

முதல் வாரம் அத்துண்டை நான் மிகையாகத் தூக்கினேன். கால்கள் காற்றில் தொங்கின. "கால் செய்யக்கூடியதைத் துண்டு செய்துவிடக் கூடாது, ஐயா," என்று மருத்துவர் திருத்தினார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஐந்தாம் ஆண்டில் எழுத்துக் கூட்டித் தடுமாறும் மாணவன் ஒருவன் இருக்கிறான். மற்றவர் நகைப்பார்களே என்றிரங்கி, அவனை வாசிக்கச் சொல்வதையே நான் நிறுத்தியிருந்தேன். அவனுக்கும் ஒரு மெத்தையைத்தான் விரித்திருந்தேன் போலும்!

மணி இளமைக்குத் திரும்பிவிடவில்லை. மூட்டு வாதம் முற்றும் தீரும் நோயன்று. ஆயினும், பிற்பகலில் நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது, துண்டின் துணையின்றி வாசற்கதவு வரை நடந்து வருகிறது.

அந்த மாணவன் இப்பொழுது நாள்தோறும் என் அறைக்கு வருகிறான். நேற்று மூன்று வாக்கியங்கள் வாசித்தான். மூன்றாவதன் நடுவே நின்றான். சொல்லை எடுத்துக் கொடுக்க வாய் திறந்த நான், துண்டை நினைத்துப் பேசாதிருந்தேன். சற்றுநேரத்தில் அவனே வாசித்து முடித்தான்.