அப்பாவின் வீரா

போன தீபாவளிக்குத் தைப்பிங் போனபோது எனக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிட வேண்டும்.

அண்ணன் ஜொகூரில் இருக்கிறார். தங்கைக்குச் சிங்கப்பூரில் வேலை. மூன்று பேரும் குடும்பப் புலனக் குழுவுக்கு வெளியே தனியாக ஒரு குழு வைத்துப் பேசி எடுத்த முடிவு அது. "நீதான் அப்பா செல்லம். நீ சொன்னா கேட்பாரு" என்று இரண்டு பேரும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு வயது 72. ஏரிப் பூங்கா பக்கம் அப்பாவின் கார் அலைந்து அலைந்து போனதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொன்னார். அம்மாவும் தொலைபேசியில், "இப்பல்லாம் உங்கப்பா கோட்டைத் தாண்டித் தாண்டி ஓட்டறாரும்மா. முன்னாடி உட்காரவே பயமா இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கை நடுங்குகிறதோ, கண் தெரியவில்லையோ என்று நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு நோயை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. ஒரு விபத்து கிடையாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அப்படிப்பட்டவரிடம் போய் 'இனிமேல் ஓட்டாதீங்க' என்று எப்படிச் சொல்வது? தீபாவளி அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் அம்மாவுக்கு ஈப்போவில் கண் பரிசோதனை இருந்தது. நான் ரயிலில் வந்திருந்ததால் என் கார் கோலாலம்பூரிலேயே நின்றது. வீட்டில் இருந்தது அப்பாவின் புரோட்டோன் வீரா மட்டும்தான். 1999-இல் வாங்கியது, 280,000 கிலோமீட்டர் ஓடியது. "இன்னிக்கு நான் ஓட்டறேன்பா" என்றேன். சாவியை வாங்குவதற்கு அதுவே முதல் படியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. சங்காட் ஜெரிங்கில் நெடுஞ்சாலை ஏறி, வேகம் 90-ஐத் தொட்டதும்தான் தெரிந்தது. கார் தானாக இடது பக்கம் நகர்ந்தது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். உடனே தேவைக்கு அதிகமாக வலது பக்கம் போனது. மறுபடி இடது, மறுபடி வலது. நேரான சாலையில் நான் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தேன்.

மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும் சரிவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய லோரி தாண்டிப் போனபோது அதன் காற்று அடித்து, கார் முழுவதும் ஒரு முறை தொட்டில் மாதிரி ஆடி நின்றது. என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கம்மா. இந்தக் காடி கொஞ்சம் அப்படித்தான். அது போறதுக்கு முன்னாடியே நீ திருப்பணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வயது 33. கண் நன்றாகத் தெரிகிறது, கையில் நடுக்கமில்லை. நானும் கோட்டைத் தாண்டித் தாண்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலை வேண்டாம் என்று பழைய சாலையில், கோலகங்சார் வழியாக, 60-க்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் கேட்டேன். "எப்போலேர்ந்துப்பா இப்படி?"

அப்பா யோசித்தார். "போன வருஷம்... இல்ல, அதுக்கும் முந்தி இருக்கும். அலைன்மெண்ட் ரெண்டு தடவ செஞ்சாச்சு. ஒரு வாரம் நல்லாருக்கும், அப்புறம் பழையபடிதான். வயசான காடிதானேன்னு விட்டுட்டேன்."

கமுந்திங் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே கொண்டுபோனோம். அவர் பொனெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் என்னிடம் கேள்வி கேட்டார். "ஒரே பக்கமா இழுக்குதா, இல்ல ரெண்டு பக்கமும் அலையுதாம்மா? ஸ்டீயரிங் அதிருதா?"

அந்த மூன்றும் வேறு வேறு கோளாறு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே பக்கமாக இழுத்தால் டயரில் காற்று குறைவாக இருக்கலாம், அலைன்மெண்ட் விலகியிருக்கலாம், ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். 80, 90-க்கு மேல் போனால் மட்டும் அதிர்ந்தால் பெரும்பாலும் டயர் பேலன்சிங். இரண்டு பக்கமும் அலைந்தால் எங்கோ ஏதோ தேய்ந்து, இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். "டயர் எப்ப அசையுதுன்னு பார்த்துச் சொல்லும்மா" என்றார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "இப்போ" என்று நான் சொன்னபோது ஸ்டீயரிங் இரண்டு அங்குலம் போயிருந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் பொதுவான கணக்கு.

பிறகு முன்பக்கம் ஜேக் போட்டுத் தூக்கி, தாங்கி வைத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டார். டயரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து உள்ளே வெளியே அசைத்தார். 'டக் டக்' என்றது. ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ரோட் முனை போய்விட்டது என்றார். அடுத்து அதே டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். அங்கேயும் ஆட்டம். என்னைக் காரில் ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொன்னார். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரத்துப் பேரிங். மிதித்தும் நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். நான் மிதித்தேன். ஆட்டம் நிற்கவில்லை.

கீழே படுத்து எங்களுக்கும் விளக்கடித்துக் காட்டினார். பால் ஜாயிண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் போய், அந்த இடத்தில் மழைத் தண்ணீரும் மண்ணும் புகுந்திருந்தன. தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

"இது முழுசா கழண்டிருந்தா என்ன ஆகும் அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தி, வெளிப்பக்கமாக மடக்கிக் காட்டினார். "சக்கரம் இப்படி மடிஞ்சிரும். ஸ்டீயரிங் உங்க கையிலதான் இருக்கும். ஆனா டயர் உங்க பேச்சைக் கேட்காது."

மெனோரா சரிவும், மழையும், முன்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மாவும் என் நினைவுக்கு வந்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கிழிந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்சார்பரும் தப்பவில்லை. முன் முனையை அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும். அப்பாவின் கார் மூன்று தடவை துள்ளியது. அப்சார்பர் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தது. டயரின் பூவைத் தடவிப் பார்க்கச் சொன்னார், அங்கங்கே குழி குழியாக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட், குழி குழியாகத் தேய்ந்தால் அப்சார்பரைச் சந்தேகப்படு என்றார். நல்ல வேளையாக ஸ்டீயரிங் ரேக் நன்றாக இருந்தது. அது போயிருந்தால் செலவு இன்னும் ஏறியிருக்கும்.

"அப்போ ரெண்டு தடவ அலைன்மெண்ட் செஞ்சது?" என்று அப்பா கேட்டார்.

"தேஞ்ச சாமானை வச்சுக்கிட்டு அலைன்மெண்ட் செஞ்சா நிக்காதுண்ணே. ஆடற பல்லை நேரா வச்சு விடற மாதிரிதான். சாமானை மாத்திட்டுத்தான் கடைசியா அலைன்மெண்ட்."

பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது. "பழைய லோரி ஸ்டீயரிங்ல எப்பவும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். உங்கப்பா அதுல பழகின கை. அதான் இதையும் இத்தனை நாள் சமாளிச்சிருக்காரு. வேற யாராவதா இருந்தா இந்நேரம் எங்கேயாவது கொண்டுபோய் விட்டிருப்பாங்க."

நாங்கள் நடுக்கம் என்று நினைத்தது நடுக்கம் அல்ல. கார் விலகும் ஒவ்வொரு முறையும் அப்பா அதைத் திருப்பி நேராக்கியிருக்கிறார். இரண்டு வருடமாக, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இரண்டு பக்கத்துப் பால் ஜாயிண்ட், டை ரோட் முனைகள், முன் அப்சார்பர்கள், கடைசியில் அலைன்மெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 940 ரிங்கிட் ஆனது. "இந்தக் காடிக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்று அம்மா முனகினார். நான் பணம் கட்டினேன். அப்பா தடுக்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

மாலையில் அப்பா ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் இரண்டு கிலோமீட்டர் பழைய பழக்கத்தில் ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்பினார். பிறகு கை அடங்கியது. கார் கோட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி போனது. சிறிது நேரத்தில் முன்னிருக்கையில் அம்மா தூங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு அப்பா கேட்டார். "நீ சாவி வாங்கத்தானேம்மா வந்தே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"தப்பில்ல" என்றார். "ராத்திரியில எதிர்ல வர்ற லைட்டு கண்ணுல அடிக்குது. அது காடி கோளாறு இல்ல, என் கோளாறு. இனிமே இருட்டினா ஓட்ட மாட்டேன். பகல்ல ஓட்டறேன். முடியாதப்ப நானே சாவியைக் குடுக்கறேன்."

அன்றிரவு எங்கள் தனிக் குழுவில் நடந்ததை எழுதினேன். அண்ணனிடமிருந்து வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு, "நான் போன வருஷம் அந்தக் காரை ஓட்டினேன். ஆடுச்சு. பழைய கார் அப்படித்தான்னு நினைச்சேன்" என்று எழுதினார். தங்கை அந்தக் குழுவையே கலைத்துவிட்டாள். அப்பாவைப் பற்றிப் பேசுவதை இனி அப்பா இருக்கும் குழுவிலேயே பேசலாம் என்றாள்.

நம் நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலும் பரிசோதனைக்குப் போகின்றன. அப்பாவின் பெயரிலேயே 25 வருடத்துக்கு மேல் இருக்கும் காரை யார் பார்ப்பார்கள்? தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, கை பழகிவிடும். எப்போதாவது ஊருக்குப் போகிற நமக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரின் காரை நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அலைகிறதா, இழுக்கிறதா, அதிர்கிறதா என்று கவனியுங்கள். மேடு பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். முன் முனையை ஒரு தடவை அமுக்கி விடுங்கள், டயரின் பூவைத் தடவிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நம்பிக்கையான பட்டறையில் ஜேக் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி நீங்கள் அடியில் படுக்க வேண்டாம்.

பெரியவர்களின் கண்ணையும் கையையும் பற்றிப் பேச வேண்டிய நாளும் வரும். அதையும் பேசத்தான் வேண்டும். அதற்கு முன்னால் காரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போன வாரம் அப்பா அழைத்தார். பின்பக்கத்திலிருந்து ஏதோ சத்தம் வருகிறதாம், பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஆடறதுக்கு முன்னாடியே பார்த்துடலாம்மா" என்றார்.