மீட்டர் பார்ப்பதற்கு ஐந்து வருடமா?



என் தங்கை மகளின் ஆராய்ச்சி பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகப் பேச்சு. "மீட்டர் பார்ப்பதற்கு ஐந்து வருடமா? விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், வரன் பார்க்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் போனின் திரை ஓஎல்இடி என்றால், அதில் ஒளி தருவது கார்பன் சேர்ந்த கரிமப் பொருளின் மெல்லிய பூச்சு. 1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து அப்படி ஒன்றை ஒளிர வைத்துக் காட்டினார்கள். பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியில் பல நூறில் ஒரு பங்கு! போன் சார்ஜர் தரும் 5 வோல்ட்டை அதன் குறுக்கே கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்துக்கு 5 கோடி வோல்ட் என்று கணக்கு வரும். காற்றில் 30 லட்சத்திலேயே தீப்பொறி பறக்கும். (பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள்.)

ஓம் விதி நினைவிருக்கிறதா? வோல்ட் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்கு. இந்தப் பூச்சில் நல்ல மின்முனை வைத்து ஒரே வகை மின்னூட்டத்தைச் செலுத்தினால் நான்கு மடங்காகும். அதே வோல்ட்டில் தடிமனைப் பாதியாக்கினால் எட்டு மடங்கு. மாட்-கர்னி விதி என்பார்கள். உள்ளே போன மின்னூட்டங்கள் மெதுவாகவே நகர்வதால், கூடி நின்று பின்னால் வருபவற்றைத் தள்ளுகின்றன. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டை அடைத்து நிற்கும் கூட்டம் மாதிரி. வரைபடத்தில் கோடு எப்படி ஏறுகிறது என்பதை வைத்து மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று கணக்கிடலாம். கோடு இன்னும் செங்குத்தாக ஏறினால், வழியில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் பள்ளங்கள் இருக்கின்றனவோ என்று தேட வேண்டும். பூச்சைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதை அறிய இது ஒரு வழி.

ஒரு வரைபடம் போதாது. தடிமன் மாற்றி, வெப்பநிலை மாற்றி மறுபடியும் அளக்க வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் பொருள் கெடும். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியே கைவிட்டுத்தான் வேலை. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் ஷார்ட் ஆகி, ஒரு வாரம் போய்விடும்.

"பெரியம்மா, 80 நானோமீட்டர் முடிந்தது, அடுத்து 120" என்றாள் நேற்று. வரன் விஷயம் அவள் பேசும்போது பேசுவோம். பொங்கலுக்கு வருகிறாள். அந்த நான்கு மடங்கைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வாள்.