ஆம்பூர்: பாலாற்றங்கரைத் தோல் ஊர்
சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், பிரியாணிக் கடைப் பலகைகள் நெருங்கத் தொடங்கினால் ஆம்பூர் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் பலர் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறார்கள். ஊரைப் பார்க்க வேண்டுமானால் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு வர வேண்டும். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது.

தோல் இந்தப் பக்கத்தில் தலைமுறைத் தொழில். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோம் உப்பு வந்தது. அதனால் பாலாறு பட்ட பாடு 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

இன்று தோல் தொழிலில் லேசரும் புழங்குகிறது: வெட்ட, துளையிட, பூவேலை செதுக்க. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். தோலின் ஈரமும் கொலாஜன் நாரும் அந்தக் கதிரை நன்றாக உறிஞ்சுவதால், பட்ட இடம் கண்ணிமைக்குமுன் ஆவியாகிறது. சக்தியைக் குறைத்து வைத்தால் மேலே பூசிய ஃபினிஷ் மட்டும் போய் நிறம் மாறும். கூட்டினால் கிரெய்ன் எனும் தோலின் மேற்பரப்பு கருகும், விளிம்பு சுருங்கி விறைக்கும். நடக்கும்போது மடிகிற இடத்தில் அந்த விளிம்பு வெடிக்கலாம். சோல் ஒட்டுமுன், ஷூவின் மேற்பகுதியான அப்பரைக் கம்பி பிரஷ்ஷால் சொரசொரப்பாக்குவார்கள். அதை லேசரால், வேண்டிய ஆழத்துக்கு மட்டும் செய்ய முடியும். ஆனால் கரித்தூளைத் துடைக்காமல் பசை தடவினால் பிடிப்பு குறையும்.

எந்த மெஷின் என்பதைவிட, எப்படிப் பதனிட்ட தோல் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். பட்டையில் பதனிட்ட தோலில் லேசர் கோடு அடர்பழுப்பாக, அழகாக விழும். குரோம் தோல் கொதிநீரையே தாங்கும்; ஆனால் கருகும் சூட்டில் அதிலுள்ள குரோம்-3இல் ஒரு பங்கு, நச்சுத்தன்மை மிகுந்த குரோம்-6 ஆக மாற வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குரோம்-6 என வரம்பு வைத்திருக்கிறது.

ஷூவை அணியப்போகிறவருக்கான பாதுகாப்பு அது. மெஷினருகே நாள் முழுக்க நிற்கிறவர் கரும்புகையையும் தூளையும் சுவாசிக்கிறார். புகையை உறிஞ்சி வடிகட்டும் அமைப்பு இல்லாமல் லேசரை ஓட்டவே கூடாது. மெஷின் விலையைக் கணக்கிடும்போதே முதலாளிகள் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.