முத்துக்குளித்துறையில் பாவசங்கீர்த்தனம்

கத்தோலிக்க நம்பிக்கையில் பாவத்திலிருந்து விடுதலை இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தையும் அதுவரை செய்த பாவங்களையும் போக்கும். அதன்பின் செய்தவற்றுக்கு, அவற்றைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம். முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிக் கடற்கரையில் முதலாவதான ஞானஸ்நானம், இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்து முடிந்தது. இரண்டாவது வேர்பிடிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. இந்த வரலாற்றை மணப்பாட்டில் தொடங்கி வடக்கு நோக்கி வந்தால் காலவரிசையும் ஏறக்குறைய சரியாக அமையும்.

1530-களில் முத்துப்பார்களின் உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியபோது, இக்கரையில் முத்துக்குளித்த பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. கடலும் பிழைப்பும் கைவிட்டுப் போகக்கூடாது என்பதே அன்றைய கவலை. அதை மனந்திரும்புதல் என்று எழுதுவது மிகை. தண்ணீர் ஊற்றிய குருக்களும் அங்கே தங்கிப் போதிக்கவில்லை.

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். மணப்பாட்டில் கடலை ஒட்டி உயர்ந்த மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அருகே கடலைப் பார்த்தபடி அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பாவசங்கீர்த்தன மந்திரம் ஆகியவற்றை அவர் தமிழாக்கினார். கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். ஒவ்வொரு கட்டளையைச் சொன்னதும், அதைக் கடைப்பிடிக்க அருள் வேண்டி எல்லாரும் சேர்ந்து செபிப்பது அவர் முறை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார்.

ஆனால் கூட்டமாக மந்திரம் ஒப்பிப்பது வேறு, தன் பாவத்தைத் தானே சொல்வது வேறு. குருவுக்குத் தமிழ் தெரியாவிட்டால் நடுவில் துபாஷி வேண்டும். ஊர்க்காரன் ஒருவன் கேட்டுச் சொல்ல, தன் களவையோ கள்ள உறவையோ யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அன்றிக் அடிகளார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அவருடைய முக்கியமான இருப்பிடம். யூத வழிவந்த குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. இந்தக் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து தமிழைச் சரளமாகப் பேசவும் எழுதவும் கற்றார். பாவசங்கீர்த்தனத்துக்கென்றே அவர் எழுதிய ‘கொம்பெசியோனாயரு’ 1580-இல் கொச்சியில் அச்சானது. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று மனச்சாட்சியைச் சோதிக்கும் கையேடு என்பது வியப்புதான். அச்சுச் செலவுக்குப் பரதவர்களே பணம் கொடுத்தார்கள்.

பாவசங்கீர்த்தன முறை இன்றும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தருவதுதான். பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. களவென்றால் இன்னொன்றும் உண்டு: எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முத்துக்கரையில் இது லேசான நிபந்தனை அல்ல. சிப்பியில் கிடைத்ததைப் பங்கு பிரிக்கும் முன் வாயில் ஒதுக்குவதும் விழுங்குவதும் குளியாட்கள் மீது எப்போதும் இருந்த சந்தேகம். மன்னிப்பு கிடைத்த பிறகும் அந்த முத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. குற்ற உணர்ச்சியை வெறும் கண்ணீரோடு கரையவிடாத இந்தக் கண்டிப்பே இம்முறையின் பலம். உள்நாட்டில், நாசரேத்து, மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சீர்திருத்த சபையாருக்குக் குருவிடம் இப்படிச் சொல்லும் கட்டாயம் இல்லை. நேரே கடவுளிடம் அறிக்கையிட்டால் போதும்.

அன்றிக் அடிகளார் 1600-இல் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கமானது. அங்குள்ள பனிமய மாதா ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1713-இல் அபிஷேகமானது. 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. பாவசங்கீர்த்தனத்தின் பழைய வழக்கப்படி, மரக்கூண்டுக்குள் குரு காதைச் சாய்த்து அமர்ந்திருப்பார். வெளியே முழந்தாளிட்டவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சல்லடை போலத் துளையிட்ட பலகையில் வாயை ஒட்டி முணுமுணுப்பார். கேட்டதை எவரிடமும், நீதிமன்றத்திலும்கூட, குரு சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

பேராலயத் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவடைகிறது. மணப்பாட்டுத் திருவிழா செப்டம்பர் 14. ஆலயங்களை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்த்துத் தவக்காலத்தில் வரலாம்; பாவசங்கீர்த்தனத்துக்கு மக்கள் அதிகம் வருவதும் அப்போதுதான்.